மட்டாஞ்சேரி அண்ணன்

மெட்ராஸ்
3.1.1983

அன்புள்ள அக்காவுக்கு வீரபாண்டி எழுதுவது.

தீபாவளிக்கு வந்துவிட்டுப் போனவன் ஒரு வரி எழுதவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு. வாஞ்சிநாதன் சார் எனக்கு வண்டி கொடுத்துவிட்டார்! பிப்ரவரி பன்னிரண்டும் பதிமூன்றும், சனி ஞாயிறு, சோழவரத்தில் ரேஸ். ஐம்பது சிசி பிரிவில் எங்கள் ஷோரூம் சார்பில் நான்தான் ஓட்டுகிறேன். மூன்று வருஷமாக அவர் ஷெட்டில் பஞ்சர் ஒட்டி, வண்டி கழுவி, இப்போதுதான் என் முறை வந்திருக்கிறது.

ஐம்பது சிசி என்றால் மீன் கூடை ஏற்றுகிற மொபெட்தானே என்று சிரிக்காதே. அதே வண்டியில் இங்கே எண்பதைத் தாண்டுகிறார்கள். நீ அரம் போட்டுக் கொடுத்த சிலிண்டரை மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் ஷெட்டே திரும்பிப் பார்த்தது. சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஒரு உதவி. கார்புரேட்டருக்கு மெயின் ஜெட் மூன்று சைஸில் துளைத்து அனுப்பு. இங்கே கடையில் கிடைப்பது எதுவும் உன் சிலிண்டருக்குச் சேரவில்லை.

இன்னொன்று. இனிமேல் மலையாளத்திலேயே எழுது. நாம் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம்தானே, உனக்கும் அதுதான் வேகமாக வரும். அப்பாவிடம் ரேஸ் என்று சொல்லாதே. பயப்படுவார்.

உன் தம்பி
வீரபாண்டி


மட்டாஞ்சேரி
8.1.1983

தம்பி வீரபாண்டிக்கு,

நீ மட்டும் தமிழில் முத்து முத்தாக எழுதுவாய், நான் மலையாளத்தில் எழுத வேண்டுமோ? காரணம் எனக்குத் தெரியாதா? கடிதம் ஷோரூம் விலாசத்துக்கு வருகிறது, அங்கே மலையாளம் படிக்க ஆளில்லை. ஜெட் சைஸ் எழுதுவது அக்காக்காரி என்று எவன் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. அதுதானே விஷயம்? அம்மா உயிரோடு இருந்தபோது கையைப் பிடித்துத் தமிழெழுத்துப் பழக்கியது ஒளித்து வைக்க இல்லை. நான் தமிழில்தான் எழுதுவேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

ஜெட் மூன்றும் தைல டப்பாவில் இருக்கின்றன. அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, எழுபத்தாறு. எண் கூடினால் துளை பெரிது, பெட்ரோல் கூடும். இதாவது ஞாபகம் இருக்கிறதா?

இங்கே கொச்சியில் எல்லாம் பழையபடிதான். இஞ்சி காய்கிற வாசனை, தெருவை அடைத்துக்கொண்டு மிளகு லாரி, பட்டறை வாசலில் அப்பா. நேற்று ஜூ டவுன் கிடங்குக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது, "செல்லப்பன் சேட்டா, நிங்ஙளுடெ கை பொன்னாணு கேட்டோ!" என்றார். அப்பா பல்லைக் காட்டிச் சிரித்தார். பொன்னான கை படுதாவுக்குப் பின்னால் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் போனதும் அப்பா உள்ளே எட்டிப் பார்த்து, "கோச்சுக்காத தாயி. பொம்பளப்புள்ள கை வச்சதுன்னு தெரிஞ்சா எவன் இங்க வண்டி விடுவான்?" என்றார். ஒன்பது வருஷமாக இதே வசனம்தான். எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது, வீரபாண்டி. பட்டறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் தொங்குகிற அந்தச் சாக்குப் படுதாவில் எத்தனை இழை என்று கேள், சொல்கிறேன்.

அப்பா சாத்தூர் போயிருந்த அன்று உன் சட்டையையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு, ஐலண்டு ரோட்டில் நான் ஓட்டினேனே, நினைவிருக்கிறதா? நாலு நிமிஷம்தான் இருக்கும். நான் செய்த எஞ்சினை முழு வேகத்தில் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நீ மெட்ராஸுக்கு ரயில் ஏறும்போது சொன்னாய்: "எனக்கு வண்டி கெடைக்கட்டும்க்கா. சோழவரத்துக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்." வண்டி கிடைத்துவிட்டது. வேலி ஓரமாக, பட்டப்பகலில், நாலு பேர் மாதிரி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம். அப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன். எந்த ரயிலில் வரட்டும்?

அக்கா
பாக்கியம்


மெட்ராஸ்
17.1.1983

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெட் கிடைத்தது. எழுபத்திரண்டு மாட்டியிருக்கிறேன், பிரமாதம்.

நீ வருவதைப் பற்றி. சோழவரம் என்பது பழைய விமான ஓடுதளம். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கூட்டமான கூட்டம், விசில், கலாட்டா. நான் தங்கியிருப்பது ஷெட் மாடியில், ஆறு ஆண்பிள்ளைகளோடு. உன்னை எங்கே வைப்பேன்? அடுத்த வருஷம் பார்க்கலாமே.

சரி, மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. சொல்லிவிடுகிறேன். அந்தச் சிலிண்டருக்கு அரம் போட்டது யார் என்று சார் கேட்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். "நான்தான் சார்" என்று வாயில் வந்துவிட்டது. அதற்காகத்தான் வண்டியே கொடுத்தார். ஓட்டுகிறவன் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறான், எஞ்சின் தெரிந்து ஓட்டுகிறவன்தான் வேண்டும் என்றார். இப்போது நீ வந்து நின்று, யாராவது ஏதாவது கேட்டு, நீ ஏதாவது பதில் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. உனக்கோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

கோபப்படாதே அக்கா. இந்த ஒரு ரேஸ் மட்டும்.

வீரபாண்டி


மட்டாஞ்சேரி
22.1.1983

வீரபாண்டிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் அழுகை வந்தது. அப்பா படுதாவைத் தைத்துப் போட்டார். நீ அதை மெட்ராஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

நான் வரவில்லை. சந்தோஷமா?

ஆனால் எஞ்சின் என்ன பாவம் செய்தது. எழுபத்திரண்டு பிரமாதம் என்று நீ சொல்வதை நான் நம்பமாட்டேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருப்பாக இருந்தால் அதிகம், பிஸ்கட் நிறமாக இருந்தால் சரி. எடுக்கிற முறை ஞாபகம் இருக்கட்டும்: முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து ஓரம் கட்டிக் கழற்ற வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினாயானால் கரி ஏறிவிடும், பிளக் பொய் சொல்லும்.

பாக்கியம்


மெட்ராஸ்
29.1.1983

அக்கா,

பிளக் இத்துடன். நேற்றுப் பயிற்சியில் முழு வேகத்தில் ஓட்டி எடுத்தது. சீக்கிரம் எழுது, நாள் இல்லை.

வீரபாண்டி


மட்டாஞ்சேரி
2.2.1983

பிளக் பார்த்தேன். கருப்பு. பெட்ரோல் அதிகம் போகிறது, வண்டி மந்தமாக இருக்கும். எழுபத்திரண்டை எடுத்துவிட்டு அறுபத்தெட்டு போடு. மிக்சிங் ஆயிலைக் குறைக்காதே.

பாக்கியம்


மெட்ராஸ்
8.2.1983

அன்புள்ள அக்காவுக்கு,

அறுபத்தெட்டு மாட்டிவிட்டேன். இன்னும் முழுசாகத் திருகிப் பார்க்கவில்லை. எஞ்சினை மிச்சப்படுத்து, ரேஸ் அன்றைக்குத் திருகிக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார்.

உன் கோபம் தெரிகிறது. இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டேன் என்கிறாய். நீயில்லாமல் எனக்கு மட்டும் இங்கே என்ன பெரிய வாழ்வு? யாராவது வந்து, "வீரபாண்டி, இந்த வண்டி ஏன் இப்டி இழுக்குது, பாரு" என்றால், "நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவுகிறேன். என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் வாயைத் திறக்கச் சொல்வார்கள், திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

போகட்டும், அந்தப் பயிற்சி நடந்த நாளைப் பற்றியாவது சொல்கிறேன், நீ நேரில் பார்த்த மாதிரி இருக்கட்டும். ஓடுதளம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் நேராகப் போகிறது. கடைசித் திருப்பம் வரை திருகிப் பிடித்தேன். உன் எஞ்சின் அழுதது அக்கா, சிணுங்கி அழவில்லை, கத்தி அழுதது! முடித்ததும் பத்திரிகைக்காரர் ஒருத்தர் காமிராவோடு நின்றார். சார் கையைக் காட்டி, மெதுவாக வா, மெதுவாக வா என்றார். ஓடுதளம் முழுக்க மெல்ல உருமிக்கொண்டு, எல்லோருக்கும் கையை ஆட்டியபடி, ராஜா மாதிரி திரும்பி வந்தேன். அப்போது கழற்றிய பிளக்தான் உனக்கு அனுப்பியது.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. ஞாயிறு ஃபைனல். எனக்காக வேண்டிக்கொள்.

வீரபாண்டி


தந்தி
மட்டாஞ்சேரி, 12.2.1983

வீரபாண்டிக்கு. பிளக் தப்பு. அறுபத்தெட்டை எடு. எழுபத்தாறு போடு. போடாவிட்டால் பிஸ்டன் பிடிக்கும். விழுவாய். மட்டாஞ்சேரி.


மட்டாஞ்சேரி
12.2.1983

அட பாவி,

தந்தி ஆபீஸிலிருந்து வந்து எழுதுகிறேன். இது உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. கையை ஆட்டிக்கொண்டு மெதுவாக வந்தாயாமே! படித்துப் படித்துச் சொன்னேனே! அந்தக் கரி முழு வேகத்தின் கரி இல்லை, நீ ராஜா மாதிரி வந்த கரி. எஞ்சின் கத்தி அழுதது என்றாயே, அது எழுபத்திரண்டே போதவில்லை என்கிற அழுகை. பிளக் கருப்பு என்று நம்பி நான் பெட்ரோலைக் குறைத்துவிட்டேன். மட்டாஞ்சேரி ஈரக் காற்றுக்கே அறுபத்தெட்டு போதாது. மாசி வெயிலில் அந்த வெட்டவெளியில் முழுசாகத் திருகினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு இறுகிவிடும். பின்சக்கரம் அப்படியே நிற்கும். எண்பதில் போகிறவனுக்கு அதன் பிறகு என்ன என்று உனக்கே தெரியும்.

தந்தி ஷோரூமுக்குத்தான் வரும், பத்துப் பேர் படிப்பார்கள், எஞ்சினைச் செய்தவன் நீ இல்லை என்று தெரிந்துவிடும். இது தெரியாமல் நான் கொடுக்கவில்லை. ஜன்னலுக்கு முன்னால் நின்று, தந்தி ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கொஞ்ச நேரம்தான் யோசித்தேன், ஆனால் யோசித்தேன். இவனுக்கு நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை நினைத்ததற்காகவும் சேர்த்து இங்கே உட்கார்ந்து அழுகிறேன்.

பெயர் போடவில்லை. ஊர் பெயர் போட்டேன். அதற்கு மேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

உயிரோடு இருந்தால் உடனே எழுது.

அக்கா


மெட்ராஸ்
15.2.1983

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இரண்டாவது வந்தேன். ஐம்பது சிசியில் இருபத்தோரு பேரில் இரண்டாவது!

சனிக்கிழமை தகுதிச் சுற்றில் எஞ்சின் ஒரு தடவை சட்டென்று இறுக்கிப் பிடித்து, உடனே விட்டுவிட்டது. செயின் என்று நினைத்தேன். அன்றைக்கு மற்ற வண்டிகளுக்கு நடுவில் ஓட்டியதால் முழுசாகத் திருகவும் இல்லை, தப்பினேன். ஞாயிறு காலை ஷோரூம் ஆள் தந்தியைச் சோழவரத்துக்கே கொண்டுவந்தான். சார் பிரித்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "யாருய்யா இது மட்டாஞ்சேரி?"

அக்கா, என்னை நீ செருப்பால் அடிக்கலாம். "அண்ணன் சார்" என்று சொல்லிவிட்டேன். "எனக்கு அவர்தான் கத்துக்குடுத்தது. ஒடம்பு முடியாதவர், வெளிய எங்கயும் வரமாட்டார்." அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் அண்ணன் என்று மாறிவிட்டது.

எழுபத்தாறு போட்டோம். மீதி உனக்குத் தெரியும். கடைசிச் சுற்று வரை வேகம் இறங்கவே இல்லை.

சாருக்கு இப்போது அண்ணன் பைத்தியம் பிடித்திருக்கிறது. நானூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து எஞ்சினைப் படிக்கிற ஆளை நான் பார்த்தே ஆகணும் என்கிறார். மார்ச் இரண்டாம் தேதி எர்ணாகுளம் வருகிறார், அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு. ஒரு பிளக்கைக் கையோடு கொண்டுவந்து அண்ணனிடம் காட்டப் போகிறாராம்.

காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீ எப்போதும் போல உள்ளேயே இரு. அப்பாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். "பையன் படுத்திருக்கான்" என்று அவர் சொல்லட்டும், பிளக்கை வாங்கி உள்ளே கொண்டுவரட்டும். நீ பார்த்துச் சொல்வதை வெளியே போய்ச் சொல்லட்டும். ஐந்து நிமிஷ வேலை. இது நடந்துவிட்டால் அடுத்த வருஷம் எனக்கு நூறு சிசி தருவார். நடக்காவிட்டால் நான் பொய்யன் என்று ஊரே சிரிக்கும், மறுபடி பஞ்சர் ஒட்ட வேண்டியதுதான்.

வீரபாண்டி


மட்டாஞ்சேரி
6.3.1983

தம்பி வீரபாண்டிக்கு,

உன் வாஞ்சிநாதன் சார் வந்துவிட்டுப் போனார். அவர் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின நாள் பஜாருக்குப் போய் இரண்டு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வந்தேன். பட்டறை வேலைக்கு உடைந்துவிடும் என்று நான் வளையலே போடுவதில்லை, உனக்குத் தெரியும். அப்பா பார்த்துவிட்டு, "என்ன தாயி விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். படுதாவைத் தள்ளிக்கொண்டு உன் சார் முன்னால் போய் நிற்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். உனக்கு நூறு சிசி போனாலும் சரி, அப்பாவுக்கு வாடிக்கை போனாலும் சரி என்று இருந்தேன். என்ன பேச வேண்டும் என்றுகூட இரண்டு நாளாக அரிசி களையும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. அப்பா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், பக்கத்துக் கடையிலிருந்து சாயா வந்தது. நீ எழுதிக் கொடுத்த வசனத்தை அப்பா ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார். உன் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அப்பா அதை உள்ளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவு நிலையிலேயே கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிரித்தேன். பிஸ்கட் நிறம். முனையைச் சுற்றி ஒரே மாதிரி, ஒரு புள்ளி கரி இல்லை, ஒரு புள்ளி வெள்ளை இல்லை. நீ ஃபைனல் ஓட்டிய பிளக் அது. சொல்வதற்கு ஒன்றுமே இல்லை, வீரபாண்டி. அவ்வளவு சரியாக ஒரு பிளக்கை நான் பார்த்ததே இல்லை. அதை நான் செய்திருந்தேன், சோழவரத்தைப் பார்க்காமலே.

எழுந்தேன். படுதா வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. நம்பு, வரவில்லை! யாரும் தடுக்கவில்லை, அப்பாகூட விலகித்தான் நின்றார். ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் நின்று பழகிய கால், தானாக நின்றுவிட்டது. கைதான் போயிற்று. படுதாவுக்கு வெளியே முழங்கை வரை கையை நீட்டி, உள்ளங்கையில் பிளக்கை வைத்தேன். அந்தக் கையில் இருந்த ஒரு டஜன் வளையலும் குலுங்கின.

"சரியா இருக்கு. எழுபத்தாறே இருக்கட்டும்" என்றேன். என் குரலில்தான் சொன்னேன்.

வெளியே சாயா கிளாஸை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து பிளக்கை எடுத்துக்கொண்டார். என் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்திருப்பார். வளையலைப் பார்த்திருப்பார். சாக்கில் உள்ள இழை வழியாக அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அவருக்கு எல்லாம் புரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவிடம் திரும்பி என்ன சொன்னார் தெரியுமா? "ஒங்க மூத்த பையனுக்கு நல்ல கைங்க. ஒடம்பு முடியாதவரு, அவரு எங்கயும் அலைய வேணாம். மெட்ராஸ் பக்கமே வர வேணாம். எல்லாம் தபால்லயே பாத்துக்கலாம்."

போய்விட்டார். அப்பா வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு வந்து, "தங்கமான மனுஷன். ஒண்ணுமே கேக்கல பாத்தியா?" என்றார். அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்களை மாடப்பிறையில் வைத்துவிட்டு, கிடங்குக்காரர் வண்டிக் கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இத்தனை நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. யாருக்கும் தெரியாது, அதனால்தான் உள்ளே இருக்கிறேன், தெரிந்துவிட்டால் வெளியே வந்துவிடலாம் என்று இருந்தேன். இப்போது தெரிந்த ஆளே தெரியாத மாதிரி வைத்துக்கொண்டார். அது அவருக்குச் சௌகரியம். உனக்குச் சௌகரியம், அப்பாவுக்கும் சௌகரியம். அடுத்த வருஷமும் சனி ஞாயிறு வரும், சோழவரத்தில் என் எஞ்சின் ஓடும். நான் வேலி ஓரத்தில்கூட வந்து நிற்க முடியாது. நீ ஒரு நிமிஷத்தில் பெற்றெடுத்த அந்தச் சீக்காளி அண்ணனுக்கு உடம்பு முடியாதே!

இனிமேல் பிளக் அனுப்பாதே என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. என்னால் முடியவில்லை. அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். நீ விழுந்துவிடுவாய் என்ற பயம் ஒரு பக்கம். ஒரு எஞ்சின் தப்பாக ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு என்னால் சோறு தின்ன முடியாது, அது இன்னொரு பக்கம். உங்கள் எல்லோருக்கும் இது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒன்று மட்டும். இனி ஒவ்வொரு உறையின் மேலும் அனுப்புநர் இடத்தில் ‘செ. பாக்கியலக்ஷ்மி, மெக்கானிக், மட்டாஞ்சேரி’ என்று தமிழில் பெரிதாக எழுதுவேன். உன் சார் அதை மாதாமாதம் கையில் வாங்கட்டும். வாங்கி, படிக்காத மாதிரியே மேஜை மேல் வைக்கட்டும்.

செ. பாக்கியலக்ஷ்மி